நான் ஒதுக்கி வைத்த 11 புள்ளிகள்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. ஒரு புரதத்தின் நிறமாலையில், அதாவது அதன் அணுக்கள் தரும் குறிப்பலைகளின் வரைபடத்தில், தென்படும் 11 மங்கலான புள்ளிகள் மாதிரியில் கலந்திருந்த சிதைவுப் பொருளால் உண்டானவை என்றும், அவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தேன். எழுதிய 2001ஆம் ஆண்டில் எனக்கு அதைப் பற்றித் துளியும் ஐயம் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அது பிழை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் மேற்கொண்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த அடிக்குறிப்பிலிருந்தே கிளைத்தவை. எனவே காந்த ஒத்திசைவைக் கொண்டு புரதங்களை ஆராய்வதில் கழிந்த இத்தனை ஆண்டுகளைப் பற்றி எழுத உட்காரும்போது, அங்கிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது.

அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்று ஆய்வகத்தில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. என்எம்ஆர் என்றே சொல்வோம். மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் இதே இயற்பியலுக்குள் படுத்து எழுந்தவர்கள்தான். அங்கே உடலின் உறுப்புகளைப் படம் பிடிக்கிறார்கள். நாங்கள் கரைசலில் மிதக்கும் ஒரே வகைப் புரத மூலக்கூறின் ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே விசாரிக்கிறோம். ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான் ஒரு மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்கிறது. வலிமையான காந்தப்புலத்தில் வைத்து, சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அது அந்த ஆற்றலை ஏற்றுக்கொண்டு, பிறகு தன் அதிர்வெண்ணில் ஒரு குறிப்பலையைத் திருப்பித் தருகிறது. தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்து ஒவ்வொரு புரோட்டானின் அதிர்வெண்ணும் பத்து லட்சத்தில் சில பங்கு இப்படியோ அப்படியோ விலகுகிறது. வேதி நகர்வு எனப்படும் அந்தச் சிறு விலகல் இல்லையென்றால் எங்கள் துறையே இல்லை.

அந்தக் குறிப்பலை எவ்வளவு மெலிந்தது என்பதைச் சொல்லாமல் இந்த வேலையின் இயல்பை விளக்க முடியாது. நான் பயின்ற 600 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தப்புலம் 14.1 டெஸ்லா, புவியின் காந்தப்புலத்தைப் போல இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். மீக்கடத்திக் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தில் மூழ்கி, 4 கெல்வின் அளவுக் குளிரில், ஆண்டுக்கணக்கில் மின்னோட்டத்தை இழக்காமல் அந்தப் புலத்தைத் தாங்கி நிற்கிறது. அவ்வளவு வலிமை இருந்தும், அறை வெப்பநிலையில் 10 லட்சம் புரோட்டான்களை எடுத்துக்கொண்டால், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிட ஏறக்குறைய 50தான் கூடுதல். மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. எங்களுக்குக் கேட்பது அந்த 50இன் குரல். அதைத் தெளிவாக்க ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கூட்ட வேண்டும். தெளிவு இரு மடங்காக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காகும், மூன்று மடங்குக்கு ஒன்பது மடங்காகும். ஓர் அளவீடு மூன்று இரவும் மூன்று பகலும் ஓடுவது எங்களுக்கு வழக்கமான செய்தி.

புரதத்தின் முதல் என்எம்ஆர் நிறமாலை 1957இல் 40 மெகாஹெர்ட்ஸ் கருவியில் எடுக்கப்பட்டது. 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதி, அதில் நான்கே நான்கு பரந்த மேடுகளாகத் தெரிந்தது. அந்த நான்கு மேடுகளுக்குள் நூற்றுக்கணக்கான புரோட்டான்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுக்கும் வழிகள் படிப்படியாகத்தான் வந்தன. 1960களின் நடுவில் ரிச்சர்டு எர்ன்ஸ்ட்டும் வெஸ்டன் ஆண்டர்சனும் அதிர்வெண்களை ஒவ்வொன்றாக வருடிச் செல்வதற்குப் பதிலாக ஒரே துடிப்பில் எல்லா அணுக்கருக்களையும் கிளர்த்தி, வரும் பதிலை ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித வழியால் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1971இல் ஜீன் ஜீனர் ஒரு கோடைப் பள்ளியில் இரு பரிமாண நிறமாலை என்ற எண்ணத்தை முன்வைத்தார். அதை எர்ன்ஸ்ட் செயல்படுத்தி வளர்த்தெடுத்தார். கூர்ட் வியூத்ரிச் அதைப் புரதங்களுக்குப் பொருத்தினார். இரண்டு புரோட்டான்கள் ஏறக்குறைய 5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளிக்குள் இருந்தால் ஒன்றின் கிளர்ச்சி மற்றொன்றைத் தொடும். ஓவர்ஹவுசர் விளைவு எனப்படும் அது, இடைவெளியின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். அத்தகைய நூற்றுக்கணக்கான சிறு இடைவெளிகளைத் தொகுத்தால், அவை அத்தனைக்கும் பொருந்துமாறு புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலி எப்படி மடிந்திருக்க முடியும் என்று கணக்கிட்டுவிடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு ஒன்று உண்டு. வியூத்ரிச் குழு தன் முதல் புரதக் கட்டமைப்பை வெளிக்கொணர்ந்த காலத்தில், படிகங்களை எக்ஸ்-கதிரால் ஆராயும் படிகவியலில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஓர் ஒத்த புரதத்தைப் பார்த்துத்தான் அதை வடித்திருப்பார்கள் என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. 1984இல் படிகவியல் அறிஞர் ராபர்ட் ஹூபர் அதற்கு ஒரு தீர்வு சொன்னார்: கட்டமைப்பு அறியப்படாத ஒரு புரதத்தை எடுத்து, அவர் எக்ஸ்-கதிரிலும் வியூத்ரிச் என்எம்ஆரிலும் தனித்தனியே கண்டுபிடிப்பது. 74 அமினோ அமிலங்கள் கொண்ட டெண்டமிஸ்டாட் என்ற புரதம் தேர்வாயிற்று. 1986இல் இரண்டு விடைகளும் வெளியாயின. கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஐயத்தை வாதத்தால் அல்லாமல் வேலையால் தீர்த்துக்கொண்ட அந்த இருவர் மீதும் எனக்குத் தீராத மதிப்பு. நான் மாணவனாகச் சேர்ந்த 1998இல் எங்கள் துறையினர் எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. அந்தக் கதையிலிருந்து நானும் ஒரு பாடத்தைத் தவறாகக் கற்றேன் என்று இப்போது தோன்றுகிறது: ஒரு புரதத்துக்கு ஒரு கட்டமைப்புதான், அதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தரப்பட்டது 94 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. இயற்கை நைட்ரஜனில் எங்கள் அளவீட்டுக்கு உகந்த நைட்ரஜன்-15 நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. கார்பன்-13 நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் ஈ.கோலை பாக்டீரியாவை மிக எளிய உப்பு ஊடகத்தில் வளர்த்து, நைட்ரஜனுக்கு நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியம் குளோரைடை மட்டும், கார்பனுக்குக் கார்பன்-13 கொண்ட குளுக்கோஸை மட்டும் கொடுக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு வேறு வழியில்லாததால் தன் உடலையும் நமக்கு வேண்டிய புரதத்தையும் அந்த அணுக்களைக் கொண்டே கட்டும். கனநீரிலும் வளர்க்க நேர்ந்தால் அவற்றைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் வளர்ச்சி நின்றுபோகும். விலையுயர்ந்த அந்த ஒரு லிட்டர் ஊடகம் கலங்கத் தொடங்குகிறதா என்று இரவு இரண்டு மணிக்குக் குடுவையை விளக்கின் முன் பிடித்துப் பார்த்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

சுத்திகரித்த புரதம் கடைசியில் அரை மில்லிலிட்டர் தெளிந்த நீராகக் கையில் வரும். பத்தில் ஒரு பங்கு கனநீர் சேர்த்து, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுவோம். குழாயின் சுவரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் காந்தப்புலம் அந்த இடத்தில் குலைந்து, எல்லாப் புள்ளிகளும் வால் முளைத்துத் தெரியும். விரல் நகத்தால் சுண்டி அதை மேலேற்ற வேண்டும். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, படியேறி, குழாயைக் காந்தத்தின் வாயில் வைத்தால் அழுத்தக் காற்று அதைத் தாங்கி மெதுவாக உள்ளே இறக்கும். ஷிம் சுருள்களைச் சரிசெய்து புலத்தைச் சீராக்கிய பிறகுதான் அளவீடு தொடங்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குழாய் இறங்கும் சில நொடிகளில் என் மூச்சு சற்று அடங்குகிறது.

முதலில் எடுப்பது எச்எஸ்க்யூசி என்ற இரு பரிமாண நிறமாலை. முதுகெலும்புச் சங்கிலியில் உள்ள ஒவ்வொரு நைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பும் அதில் ஒரு புள்ளியாகத் தெரியும். புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கு அந்த ஹைட்ரஜன் கிடையாது என்பதால் அது புள்ளி தராது. சங்கிலியின் முதல் அமினோ அமிலமும் வழக்கமாகத் தெரியாது. மடிந்த புரதமென்றால் புள்ளிகள் வானத்து மீன்களைப் போலச் சிதறிக் கிடக்கும். மடியாதது என்றால் நடுவில் ஒரு குறுகிய பட்டையில் நெருக்கியடித்து நிற்கும். பழகிய கண்ணுக்கு ஐந்து நொடி போதும். என் புரதத்தில் ஐந்து புரோலின்கள். ஆகவே சங்கிலிக்கு 88 புள்ளிகள் வர வேண்டும். பக்கக் கிளைகளின் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு எண்ணினேன். 88 இருந்தன. அவற்றோடு, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உயரத்தில், இன்னும் 11 இருந்தன.

எந்தப் புள்ளி எந்த அமினோ அமிலத்துக்கு உரியது என்று அடையாளம் காண்பதுதான் இந்த வேலையின் பொறுமைமிக்க பகுதி. அதை அசைன்மென்ட் என்போம். 1990 வாக்கில் ஆட் பாக்ஸின் குழு உருவாக்கிய முப்பரிமாண அளவீடுகளால், ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முந்தைய அமினோ அமிலத்தின் கார்பன் வழியே அடுத்த புள்ளிக்குத் தாவி, சங்கிலி முழுவதும் நடந்து செல்லலாம். புரோலின் வரும் இடங்களில் சங்கிலி அறுபடும். அங்கே நின்று, மறுகரையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். 88ஐயும் நான்கு மாதங்களில் முடித்தேன். அந்த 11ஐ மட்டும் தொடவில்லை. புரதத்தை நொதிகள் கடித்துச் சிதைத்தால் இப்படிக் கூடுதல் புள்ளிகள் வருவது உண்டு என்பதால், புதிதாக ஒரு மாதிரியைத் தயாரித்தேன். 11ம் வந்தன, அதே உயரத்தில். மூன்றாவது மாதிரியிலும் வந்தன. சிதைவு என்றால் மாதிரிக்கு மாதிரி அளவு மாறியிருக்க வேண்டும் என்பது அப்போதே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. கட்டமைப்பை முடிக்கும் அவசரம், அடிக்குறிப்பு எழுதினேன்.

கட்டமைப்பு நன்றாகவே வந்தது. இரு கோண அளவுகளைக் கொண்டு, சங்கிலி எப்படியெல்லாம் திரும்ப இயலும் என்று ஜி.என்.இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் வகுத்த வரைபடத்தில் என் புரதத்தின் கோணங்கள் ஏறக்குறைய எல்லாம் அனுமதிக்கப்பட்ட பகுதிகளிலேயே விழுந்தன. என் நெறியாளர் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பார்க்கத் தவறியது மூன்றாவது கோணத்தை. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது. அதன் கோணம் பொதுவாக டிரான்ஸ் என்ற நீட்டிய நிலையில் இருக்கும். புரோலினுக்கு முன்னால் உள்ள பிணைப்பு மட்டும் இதற்கு விலக்கு. அங்கே சிஸ் என்ற திரும்பிய நிலையும் ஆற்றலில் அதிகம் பின்தங்கியதல்ல. அறியப்பட்ட கட்டமைப்புகளில் புரோலினுக்கு முந்தைய பிணைப்புகளில் நூற்றுக்கு ஐந்து அளவில் சிஸ்தான்.

2002இல் இட்க் என்ற புரதத்தின் எஸ்எச்2 பகுதியைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அதன் நிறமாலையில் பல புள்ளிகள் இரட்டையாகத் தெரிந்ததையும், ஒரே ஒரு புரோலினின் சிஸ்-டிரான்ஸ் மாற்றம் அதற்குக் காரணம் என்பதையும், அந்த இரு நிலைகளும் வெவ்வேறு கூட்டாளிப் புரதங்களைப் பற்றிக்கொள்வதையும் அதில் காட்டியிருந்தார்கள். படித்து முடிப்பதற்குள் என் கை குளிர்ந்துவிட்டது. பழைய நோட்டை எடுத்து, அந்த 11 புள்ளிகளுக்கும் முதன்முறையாக அசைன்மென்ட் செய்தேன். ஒரு வாரம் ஆயிற்று. 11ம் ஒரே புரோலினுக்கு இருபுறமும், சங்கிலியின் மடிப்பில் அதற்கு எதிரே வந்து நிற்கும் இழையிலும் இருந்த அமினோ அமிலங்களுக்கு உரியவை. சிதைவுப் பொருள் எதுவும் அங்கே இல்லை. என் புரதமே தன் இரண்டாவது வடிவத்தில் அங்கே இருந்தது.

உறுதிசெய்ய வழிகள் இருந்தன. புரோலினின் வளையத்தில் உள்ள பீட்டா, காமா கார்பன்களின் வேதி நகர்வுகளுக்கிடையே உள்ள வேறுபாடு டிரான்ஸ் நிலையில் 5 அலகுக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஓர் அலகு) சற்றுக் குறைவாகவும், சிஸ் நிலையில் 10ஐ ஒட்டியும் இருக்கும். எனக்கு முதன்மைப் புள்ளிகளில் டிரான்ஸும் மங்கலானவற்றில் சிஸும் ஐயமின்றிக் கிடைத்தன. அந்தப் புரோலினை மட்டும் அலனின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிய புரதத்தில் 11 புள்ளிகளும் மறைந்தன. பிறகு செய்த பரிசோதனைதான் எனக்கு இன்றும் மனதுக்கு மிக நெருக்கமானது. இந்தச் சுழற்சி தானாக நடக்கப் பல நொடிகள் முதல் நிமிடங்கள் வரை ஆகும். அதனால் இரு நிலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தனித்தனியே தெரிகின்றன. இந்தச் சுழற்சியையே விரைவுபடுத்துவது சைக்ளோஃபிலின் என்ற நொதியின் தொழில். அதில் மிகச் சிறிதளவு சேர்த்து, ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவுவதை மட்டும் காட்டும் அளவீட்டை இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரையில், ஒவ்வொரு பிரகாசமான புள்ளிக்கும் அதன் மங்கலான இணைக்கும் இடையே, முன்பு இல்லாத குறுக்குப் புள்ளிகள் சதுரத்தின் இரு மூலைகளைப் போல நின்றன. ஒரே மூலக்கூறு இரு வடிவங்களுக்கிடையே போய்வருவதை நான் கண்ணால் பார்த்தேன். அதே ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி வியூத்ரிச்சுக்கு என்ற செய்தி வந்தபோது ஆய்வகமே கொண்டாடியது. எனக்கு அந்தக் குறுக்குப் புள்ளிகளே போதுமானவையாக இருந்தன. ஆய்வேட்டின் பிழையைத் திருத்தி ஒரு கட்டுரை வெளியிட்டோம்.

அதன்பின் நான் அசையாத கட்டமைப்புகளைத் தேடிப் போகவில்லை. நல்வாய்ப்பாக, அந்த ஆண்டுகளில் துறையும் அசைவை நோக்கித் திரும்பியிருந்தது. நூற்றில் ஒரு பங்கு மூலக்கூறுகள் மட்டும், ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் எட்டிப்பார்க்கும் ஒரு நிலை, தனக்கென்று எந்தப் புள்ளியையும் தராது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் புள்ளியை அது அகலப்படுத்திவிடும். துடிப்புகளை வெவ்வேறு வேகத்தில் தொடர்ந்து கொடுத்து அந்த அகலம் எப்படிக் குறைகிறது என்று அளந்தால், காணாத நிலையில் எத்தனை பங்கு இருக்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, அதன் வேதி நகர்வுகள் எவை என்பதையெல்லாம் கணக்கிடலாம். லூயிஸ் கேயும் அவர் குழுவினரும் இந்த வழியில் ஒரு சிறு புரதம் மடியும்போது கடந்து செல்லும் இடைநிலையை 2004இல் எட்டினார்கள். 2005இல் டோரத்தி கெர்ன் குழு சைக்ளோஃபிலினையே எடுத்துக்கொண்டு, வேலை செய்யும்போது அந்த நொதி காட்டும் அசைவுகள், பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போதும் அதனுள் இருக்கின்றன என்று காட்டியது. என் பரிசோதனையில் துணைக்கருவியாகச் சிட்டிகையளவு சேர்த்த அதே நொதி. அந்தக் கட்டுரையை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

பெரிய புரதங்கள் எங்களுக்கு நெடுங்காலம் எட்டாதவையாகவே இருந்தன. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகக் கரைசலில் மெதுவாகப் புரளும்; குறிப்பலை விரைவாக அணைந்து, புள்ளிகள் பரந்து கரைந்துபோகும். 1997இல் வியூத்ரிச் குழு அறிமுகப்படுத்திய டிராஸி என்ற முறையும், பிறகு மெத்தில் தொகுதிகளை மட்டும் குறிவைக்கும் முறையும் அந்த வரம்பைத் தளர்த்தின. 2007இல் ஸ்பிராங்கர்ஸும் கேயும் 670 கிலோடால்டன் எடையுள்ள புரோட்டியசோம் தொகுதியின் அசைவுகளை இப்படி ஆராய்ந்தார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. நூறு கிலோடால்டனை ஒட்டிய ஒரு நொதியோடு ஆறு ஆண்டுகள் போராடியதில் பயனுள்ள ஒரே ஒரு கட்டுரை மிஞ்சியது.

2020இன் இறுதியில் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் அமினோ அமில வரிசையைக் கொண்டே புரதத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது என்று தெரிந்தபோது, என் மாணவர்கள் சிலர் இனி நாம் எதற்கு என்று வருந்தினார்கள். அந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் சேர்ந்துள்ள கட்டமைப்புகளில் என்எம்ஆர் தந்தவை பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. குளிர்-எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு அந்தப் பங்கு மேலும் சுருங்கியது. வடிவத்தை மட்டும் கேட்பவருக்கு இன்று எங்களைவிட விரைவான வழிகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் என் பழைய புரதத்தின் வரிசையை அந்த மென்பொருளில் கொடுத்துப் பார்த்தேன். 2001இல் நான் வரைந்த அதே டிரான்ஸ் வடிவத்தை மிக அழகாகத் தந்தது. சிஸ் வடிவத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை. எத்தனை பங்கு எந்த வடிவத்தில் இருக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது, வெப்பநிலையைக் கூட்டினால் அந்த விகிதம் எப்படி நகர்கிறது என்பவற்றுக்கு, கரைசலில் உள்ள மூலக்கூறையே கேட்டால்தான் விடை கிடைக்கும்.

எங்கள் குழுவில் இப்போது முதலாண்டில் இருக்கும் மாணவி ஒருவர் சென்ற வாரம் தன் முதல் எச்எஸ்க்யூசி நிறமாலையை அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். 112 புள்ளிகள் எதிர்பார்த்த இடத்தில் 119 இருந்தன. கூடுதலாக இருந்த ஏழையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். மாதிரி சிதைந்திருக்கலாம், புதிதாகத் தயாரித்துவிடட்டுமா என்று கேட்டார். தயாரியுங்கள், ஆனால் பழையதைக் கொட்டிவிட வேண்டாம் என்றேன். இரண்டையும் ஒரே நிலைமையில் எடுத்து, ஏழும் அதே உயரத்தில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, வந்தால் புரோலின் கார்பன்களின் நகர்வுகளை அளக்கலாம் என்று முடிவு செய்தோம். புதிய மாதிரி நேற்று மாலை காந்தத்துக்குள் இறங்கியது. அளவீடு வியாழக்கிழமை காலையில் முடியும்.